கற்பூரம் ஏற்றிய வாரம்

கோப்பாயிலிருந்து திரும்பி வந்து கையை முகர்ந்து பார்த்தேன். இன்னும் கற்பூர வாசனை. உடனே உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் வென்ற செய்தியை முதலில் உனக்குத்தானே சொல்ல வேண்டும்?

அந்த வீட்டை நீ மறந்திருக்க மாட்டாய். பக்கத்து வளவில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் கொட்டில். பெயின்றில் கலக்கும் தின்னரின் ஆவியால் மகளுக்கு ஓயாத தலையிடி என்று அந்த அம்மா முறையிட, கொட்டில்காரர் எல்லாம் வீண் கதை என்றார். பிரதேச சபையிலிருந்து ஒருநாள் காலை வந்து, பம்ப் வைத்து ஒரு மணி நேரம் காற்றை இழுத்துப் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் நாம் இருவரும் ஆவியை உறிஞ்சும் சிறு குழாய்களை வீட்டிலும் வேலியிலும் ஒரு வாரம் தொங்கவிட்டோம். குழாயில் சேர்ந்ததைக் கொண்டு, காற்றில் எது எவ்வளவு இருந்தது, எங்கிருந்து வந்தது என்று கணிக்கும் மாதிரியை நான் கணினியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவைப் பார்த்தால் எல்லாக் குழாயிலும் கற்பூரம்! அந்த அம்மா நாள்தோறும் பின்னேரம் ஒரு கட்டி ஏற்றியிருக்கிறார்.

"எங்கடை வீட்டுக் காத்தைச் சோதிக்க வந்திருக்கிறியள். வீடு மணக்க வேண்டாமே, பிள்ளை?"

ஒரு வார அளவீடு முழுதும் பாழ் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. குழாய்களைக் குப்பையில் போடப் போனேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய்.

"விசரி, எறியாதை. எங்கை கொளுத்தினவ, எப்ப, எவ்வளவு எண்டு எல்லாம் தெரியும். காத்து எப்பிடிப் போகுது எண்டு அவவே காட்டித் தந்திருக்கிறா."

வீட்டில் ஏற்றிய கற்பூரம் வேலிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்த்து மாதிரியைத் திருத்தத் தொடங்கினேன். அதற்குள் உன் நோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டும், "கணக்குச் சரிவந்ததோடி?" என்றுதான் கேட்டாய். இன்னும் இல்லை என்றேன். அந்தப் பதில் எவ்வளவு நாள் என்னைக் குத்தியது தெரியுமா?

சரிவந்துவிட்டதடி! கொட்டிலிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தின்னர் ஆவி வருகிறது என்று மாதிரி சொன்ன அளவையே புதிய குழாய்களும் காட்டின. கொட்டிலில் பெயின்ற் அடிப்பது பின்னேரத்தில். காலையில் வந்த பம்புக்கு என்ன தெரியும்? பிரதேச சபை நம் கணக்கை ஏற்றுக்கொண்டது. போன கிழமை கொட்டிலை அப்புறப்படுத்திவிட்டார்கள்.

காற்றுச் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கக் கடைசிக் குழாய்களைத் தொங்கவிட இன்று போனேன். ஆவி வராமல் ஆணியடித்து மூடியிருந்த யன்னல் திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் மகள் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கற்பூரப் பெட்டியோடு தயங்கித் தயங்கி வந்தார்.

"இண்டைக்குக் கொளுத்தலாமோ, பிள்ளை?"

"ஓம் அம்மா, வடிவாக் கொளுத்துங்கோ."

ஒரு கட்டியை என் கையில் வைத்தார். உனக்காக நானே ஏற்றினேன். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்: எங்கே, எப்போது, எவ்வளவு.