‘இறுக்குது’ என்று சொன்னாய்

என் பூவும்மா மச்சிக்கு,

நான்தான், ஹலீமா. ஊருக்கெல்லாம் நீ சுபைதா. உன் உம்மா மட்டும்தான் பூவும்மா என்று கூப்பிடுவார். அவர் மௌத்தான பிறகு அந்தப் பெயரை நான் எடுத்துக்கொண்டேன். இன்னும் எடுத்துத்தான் வைத்திருக்கிறேன்.

நீ அடங்கியிருக்கும் மையவாடிக்கு நம் பக்கத்தில் பெண்கள் போவதில்லை. உன் மருமகன் ஒவ்வொரு வெள்ளியும் போய் உனக்கு ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார். நான் வீட்டிலிருந்து யாசீன் ஓதுகிறேன். ஓதியது உனக்கு வந்து சேரும். நம் கதை எப்படி வந்து சேரும்? ஐந்து மாதமாக உன்னோடு கதைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழைகளை உன் மகள் ரிஸ்னா திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் ஒரு விஷயத்தை ஒளித்து வைத்திருந்தேன். போன கிழமை சொல்லிவிட்டேன். அது உனக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் உடம்பைக் கேட்பாய். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாசற்கதவைத் திறந்தால் வீடெல்லாம் மண். கூட்டிவிட்டு ஒரு மணித்தியாலம் படுக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு எனக்கு அரைச்சாக்கு.

நம்மைப் போல வருத்தக்காரர்களும் இதை வாசிக்கட்டும் என்று ரிஸ்னா சொல்கிறாள் மச்சி. அதனால் நம் சாக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. கிளினிக்கில் அந்த டொக்டர், "உங்கட நோவுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி போடுவீங்க?" என்று கேட்டாரே. நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"புள்ளி போடுறதுக்கு நான் என்ன டீச்சரா, டொக்டர்? நெல்லுச் சாக்கு மழையில நனஞ்சா எப்படி இரிக்கும் எண்டு தெரியுமா? இண்டைக்கு நான் அதான்."

அவர் சிரித்துக்கொண்டே எட்டு என்று எழுதினார். அன்றிலிருந்து நமக்கு மூன்று நாட்கள்தான். ஈரச்சாக்கு நாள், அரைச்சாக்கு நாள், வெறுஞ்சாக்கு நாள். வெறுஞ்சாக்கு நாள் வந்தால் நாம் என்னென்ன செய்வோம்! சீலை தோய்ப்பது, முறுக்குப் பிழிவது, கல்முனைக் கடைத்தெருவுக்கு ஓட்டோ பிடிப்பது. மறுநாள் இரண்டு பேரும் ஈரச்சாக்கு.

அந்த டொக்டர்தான் நமக்கு விளக்கிச் சொன்னார். உங்களுக்கு ஒரு வருத்தம் இல்லை, மூன்று நான்கு வருத்தம் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு நிற்கின்றன என்றார். தசை நோவு ஒன்று, தூங்கி எழும்பினாலும் போகாத களைப்பு ஒன்று, தலையிடி ஒன்று, வயிறு ஒன்று. எதற்கு எது காரணம் என்று பிரிக்க முடியாதாம். இரத்தப் பரிசோதனையிலோ ஒன்றும் இல்லை. ரிப்போட் சுத்தம் என்று நாம் அழுதோம். வேறு யாராவது அதற்கு அழுவார்களா?

வீட்டிலும் ஊரிலும் இந்த நாலு வருத்தத்துக்கும் ஒரே பெயர், பஞ்சி. வேலைக்குப் பஞ்சிப்பட்ட சோம்பேறிகள். ஒரு கலியாண வீட்டில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்திருந்தவர்கள் நம்மைக் கண்டதும், "ராசாத்திமார் ரெண்டு பேரும் வந்திட்டாங்க, கதிரை கொண்டு வாங்க கா!" என்றார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. நீ சொன்னாய், "கதிரை காணாது கா, தலகணியும் கொண்டு வா." சொன்னவளே சிரித்துவிட்டு இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டாள்.

உன் வாப்பாவும் என் உம்மாவும் கூடப்பிறந்தவர்கள். இரண்டு பேரின் உடம்பிலும் ஒரே வருத்தம் இறங்கியது அதனால்தானோ என்னவோ. எல்லாரும் 'நோவு' என்று ஒரே சொல்லில் சொல்வதை நாம் பிரித்து வைத்திருந்தோம். நாள் முழுக்க வயலில் நின்றவளுக்குப் போல காலும் கையும் அலுத்துப்போய் வலிப்பது உளைவு. ஊசி மாதிரி வருவது குத்து. பிறகு எரிவு, விறைப்பு. ஆறு வருடம் காலையில் ஃபோன் எடுத்து அந்தச் சொற்களைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். உன் உடம்பில் எனக்குத் தெரியாத நோவு இல்லை என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு உனக்கு நெஞ்சில் குத்து வந்தது ஞாபகமா? ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அங்கே நின்ற ஒரு நர்ஸ் பிள்ளை உன் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு உடம்பு முழுக்க நோவுதானே, இதுக்கேன் ஓடி வாறாங்க?" என்று மற்றவளிடம் சொன்னாள். நமக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது நீ, "இனி நெஞ்சுக்குள்ள யானை பூந்தாலும் நான் அங்க போக மாட்டன்" என்றாய். நான் சிரித்தேன். நானும் அப்படித்தான் முடிவெடுத்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்திருந்தேன். கதிரையில் இருந்துதான் தொழுதேன், அதற்கே மூச்சு வாங்கியது. உன் ஃபோன் வந்தது.

"மச்சி, படுத்திரிந்தயா?"

"ஓம். ஈரச்சாக்கு. ஒனக்கு?"

"எனக்கு இண்டைக்குச் சாக்கு இல்லடி. இது என்னமோ... இறுக்குது."

"எங்க?"

"நெஞ்சுக்குள்ள. இடது கைக்கும் வருது."

"நேத்து என்ன செஞ்ச?"

"வட்டிலப்பத்துக்கு நாலு தேங்கா துருவின."

"நாலு தேங்காயா! அப்ப அது உளைவுதான், வேறென்ன? கொஞ்சம் படு மச்சி. ஒழும்பினதும் எடு."

நீ "ஓம்" என்றாய். வைத்துவிட்டாய்.

இறுக்குது. ஆறு வருடத்தில் அந்தச் சொல்லை நீ ஒரு நாளும் சொன்னதில்லை. அது என் காதில் படவில்லை என்று சொல்ல மாட்டேன். பட்டது. சோற்றில் கல் கடிபட்டது மாதிரிப் பட்டது. நான்தான் அதற்கு உளைவு என்று பெயர் மாற்றி உன்னிடமே திருப்பித் தந்தேன். ஏன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுவிட்டேன். அது உளைவு இல்லை என்றால் நான் எழும்ப வேண்டும். சீலை மாற்ற வேண்டும், ஓட்டோ பிடித்துப் பாலமுனைக்கு உன் வீட்டுக்கு வர வேண்டும், மறுபடியும் அந்த ஆஸ்பத்திரியில் போய் நிற்க வேண்டும். எனக்கு எழும்ப ஏலாமல் இருந்தது. உண்மை அதுதான் மச்சி. வேறு ஆட்கள் சொல்லியிருந்தால் அவர்களுக்கு நம் வருத்தம் விளங்காது என்று சொல்லலாம். எனக்கு விளங்குமே.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகு ரிஸ்னாவின் ஃபோன் வந்தது. அவளுடைய அழுகையிலேயே தெரிந்துவிட்டது. நெஞ்சு அடைப்பு என்றார்கள்.

ஏழாம் நாள் கத்தம் ஓதி ஆட்கள் போன பிறகு ரிஸ்னா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உம்மாட ஃபோன்ல கடைசியா உங்கட நம்பர்தான் மாமி. என்ன கதைச்ச?"

"சும்மாதான் மகள். வட்டிலப்பக் கதை."

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பொய்யை ஐந்து மாதம் வைத்திருந்தேன். அவள் எனக்குச் சோறு கொண்டுவந்து தருவாள், காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். "உம்மாவோட நீங்கதான் மாமி கடைசி வரைக்கும் இரிந்த" என்பாள். எனக்குச் சோறு இறங்காது.

போன கிழமை கிளினிக் நாள். நாம் உட்காரும் வாங்கில் உன் இடத்தில் இப்போது இறக்காமத்திலிருந்து வரும் ஆசியா இருக்கிறாள். வயது நாற்பது இருக்கும், நம் வருத்தம்தான் அவளுக்கும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சொன்னாள், "மாமி, விடியத்திலிரிந்து நெஞ்சடியில என்னமோ இழுத்துப் பிடிக்கிது. வழமையா இப்படி வாற இல்ல."

நான் எழும்பிவிட்டேன் மச்சி. எப்படி எழும்பினேன் என்று தெரியாது. அவள் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் இருந்த நர்ஸ் மிஸ் அவளுடைய கொப்பியைப் பார்த்தார். "இவ நம்மட கிளினிக் ஆள்தானே. இரிக்கச் சொல்லுங்க, நம்பர் வரும்."

"மிஸ், வழமையா இப்படி வாற இல்ல எண்டு சொல்றா. அதைக் கொஞ்சம் கேளுங்க."

நான் குரலை உயர்த்தவும் இல்லை, நகரவும் இல்லை. கடைசியில் உள்ளே கூட்டிப்போனார்கள். வயர் ஒட்டிப் பார்த்தார்கள். வாயுவாம்.

வெளியே வந்த ஆசியா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்களால என்ட நம்பரும் போச்சு, பஸ்ஸும் போச்சு! ஒரு வாயுவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா மாமி? மிஸ்மாரெல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்காங்க!" நான் அவளுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே ஏசினாள். ஏசுவதைக் கேட்கக் கேட்க எனக்கு நல்லாக இருந்தது. ஏசுவதற்கு அவள் இருக்கிறாள் அல்லவா?

சொந்தமில்லாத ஒருத்திக்காக அவ்வளவு நேரம் நிற்க முடிந்தது. உன் மகளுக்கு முன்னால் ஐந்து மாதமாக நிற்க முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. பாலமுனையில் இறங்கினேன்.

ரிஸ்னா குசினிக்குப் பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இறுக்குது என்று நீ சொன்னது, உளைவுதான் என்று நான் சொன்னது, நீ ஓம் என்றது, வட்டிலப்பக் கதை என்று அவளிடம் நான் பொய் சொன்னது. அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். கையில் செதில் அப்படியே ஒட்டியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி இந்த வீட்டுக்கு வராதீங்க என்று சொல்லப்போகிறாள், சொன்னால் எழும்பிப் போய்விட வேண்டும் என்று காலை ஊன்றி வைத்துக்கொண்டேன்.

"உம்மா எனக்கும் சொன்ன மாமி" என்றாள்.

"என்ன சொன்ன?"

"காலையில. இறுக்குது எண்டு. நான் புள்ளையள ஸ்கூலுக்கு வெளிக்கிடுத்திக்கொண்டு நிண்டன். 'உங்களுக்கு எந்த நாள்தான் நோவு இல்ல உம்மா' எண்டு சொல்லிட்டுப் போயிட்டன்."

ஒரு பூனை வந்து மீன் சட்டிக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு பேரும் அதை விரட்டவில்லை.

பிறகு ரிஸ்னா கேட்டாள். "மாமி, உம்மாவக் குளிப்பாட்டக்குள்ள கையில எதையோ பொத்தி வெச்சிரிந்தீங்க. கேட்டதுக்கு ஒண்டுமில்ல எண்டீங்க. என்ன அது?"

அவள் கண்டிருக்கிறாள். நான் சொன்னேன். மையத்தைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் உடம்பின் எல்லா இடத்திலும் பட வேண்டும். உன் மேலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, நாம் கடையில் வாங்கும் அந்தத் தைலப் பிளாஸ்டர். மற்றவர்கள் காணுவதற்கு முன்னால் நான்தான் மெல்ல உரித்தெடுத்தேன். மணம் அப்படியே இருந்தது. குத்துக்கோ எரிவுக்கோ நாம் அதை ஒட்டுவதில்லை. உளைவுக்கு மட்டும்தான் ஒட்டுவோம்.

"எவடத்தில ஒட்டியிரிந்த?"

"இடது பக்கம். நெஞ்சுக்கு மேல."

ரிஸ்னா மீன் பட்ட கையோடு தன் நெஞ்சில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து மிச்ச மீனைக் கழுவினாள். "சாப்பிட்டிட்டுத்தான் போகணும்" என்றாள். மன்னிப்பு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மீன் ஆணம் காய்ச்சினாள். இரண்டு பேரும் ஒரே சகன் தட்டில் சாப்பிட்டோம். எனக்குச் சோறு இறங்கியது.

இப்போது காலையில் அவள்தான் ஃபோன் எடுக்கிறாள். சாக்குக் கணக்கை அவளுக்கும் பழக்கிவிட்டேன். கடைசியாக ஒன்று கேட்பாள், "புதுச் சொல் ஏதும் இரிக்கா மாமி?" இல்லை என்றால்தான் வைப்பாள்.

மச்சி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வழமையானதுதான் என்று என் வாயால் இனி யாருக்கும் சொல்ல மாட்டேன், எனக்கும் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஈரச்சாக்கு நாள் என்றாலும் எழும்பிப் போவேன். எழும்ப ஏலாவிட்டால் படுத்த இடத்திலிருந்தே நாலு பேரைக் கூப்பிடுவேன். வாயுவாக இருந்து ஏச்சு விழுந்தால் வாங்கிக்கொள்வேன். அல்லாஹ் உன் கபுறை விசாலமாக்கி வைக்கட்டும். அங்கே உனக்குக் காலும் கையும் லேசாக இருக்கட்டும்.

நான் சொன்னதை நம்பித்தான் அந்தப் பிளாஸ்டரைத் தேடி எடுத்திருப்பாய். தனியாக இருந்து, நோகாத கையால் ஒட்டியிருப்பாய். ஒட்டின பிறகு கொஞ்ச நேரமாவது உனக்குச் சுகமாக இருந்ததா மச்சி?

உன் மாமி மகள், இன்னும் உன் மச்சி,
ஹலீமா