எதிர்வீட்டு மாடி வழியாக

ஜூன் 5, வியாழன்

ஒருவழியாக இன்டர்நெட் வந்துவிட்டது. புது வீட்டுக்குக் குடிவந்து எட்டு நாளாக போன் ஹாட்ஸ்பாட்டில் மெடிக்கல் கோடிங் வேலையை ஓட்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைக்குள் ஒழுங்கான லைன் இல்லையென்றால் தினமும் சென்னை ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார் மேனேஜர். காஞ்சிபுரத்திலிருந்து போக வர ஐந்து மணி நேரம். அதற்கு வேலையை விட்டுவிடலாம்.

லைன் வரும் கம்பம் எங்கள் பக்கம் இல்லை. எதிர்வீட்டு மாடிச் சுவரில் கட்டித்தான் ஒயர் இழுக்க வேண்டும். அங்கே சம்பூர்ணம் அக்கா, தறி போட்டிருக்கிறார். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கட்டிக்கோமா. எம் மாடிய தூக்கிக்கினா போகப்போறீங்க?" என்றார். பிறகு எங்கள் வீட்டை அண்ணாந்து பார்த்து, "இந்தத் தெருவுலயே உங்க வூடுதான் லட்சணமா இருக்குது" என்றார்.

அது மட்டும் எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

திருஷ்டி பொம்மை வாங்கினோம். கொம்பு, தொங்கும் நாக்கு, முறைக்கிற கண். என் வீட்டுக்காரர் கலைவாணன் ஸ்டூலில் ஏறி வாசலுக்கு மேல் ஆணி அடித்தார். ஆணி இறங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், எதிர்வீட்டைப் பார்த்த மாதிரி" என்று கீழே நின்று சொன்னேன். அங்கே இறங்கிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறக்கிறேன், மோடத்தில் சிவப்பு விளக்கு, நெட் இல்லை.

சற்று முன்தான் சம்பூர்ணம் அக்கா மாடியில் நின்றதைப் பார்த்திருந்தேன். கையில் நூல் வெட்டும் கத்தரி. எனக்கு வேறு என்ன வேண்டும்? தெருவில் இறங்கிக் கத்தினேன்.

"பொம்மை மாட்டுனது பொறுக்கலியா? அதுக்கு ஒயர வெட்டுவீங்களா? என் வேலையே போயிடும் போலிருக்குது!"

பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். அடுத்த வீட்டு ஆதிகேசவன் பேப்பரை மடித்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"நான் எதையும் வெட்டலமா" என்று அக்கா ஒரே ஒரு முறை சொன்னார்.

"கத்தரியக் கையில வச்சுக்கினு சொல்றீங்க பாருங்க" என்றேன்.

லீவு போட்டேன். புகார் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

லைன்மேன் ஷோயப் வந்தார். முதலில் எதிர்வீட்டு மாடியைப் பாருங்கள் என்று அனுப்பினேன். போய்விட்டு வந்தார்.

"அங்க நல்லாத்தான்க்கா இருக்குது."

பிறகு எங்கள் சுவரோடு ஒயரைத் தொட்டுக்கொண்டே வந்தார். வாசலுக்கு மேல் பொம்மையைக் கழற்றினார். ஒயர் போகும் பிளாஸ்டிக் பட்டைக்குள் ஆணி நேராக இறங்கியிருந்தது. பட்டையும் வெள்ளை, சுவரும் வெள்ளை. கலைவாணன் என்னைப் பார்த்தார். நான் ஷோயப்பின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புதுசா இழுக்கணும்க்கா. திரும்ப அந்த மாடிக்குத்தான் போவணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்றீங்களா?"

என்னால் முடியவில்லை. அவரே போனார். அக்கா கேட்டைத் திறந்துவிட்டு, மாடியில் காய்ந்த புடவைகளை எடுத்து இடம் விட்டாராம். மூன்று மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

சீ. நானெல்லாம் என்ன மனுஷி?

ஜூன் 11, புதன்

அக்கா எழுவதற்குள் வாசல் தெளித்து, கோலம் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

"வேணும்னா பண்ணோம்? விடு துர்கா" என்கிறார் கலைவாணன். ஆணி வேண்டுமென்று அடித்ததல்ல. சரி. கத்தியது?

ஜூன் 13, வெள்ளி

மத்தியானம் தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அரைக்கிலோ மைசூர்பாகோடு போனேன். அக்கா தறியில் இருந்தார்.

"தப்பு என் மேலதான்க்கா. ஆணி எங்களுதுதான். மன்னிச்சிடுங்க." அழுகை வந்துவிட்டது.

அவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். டப்பாவைத் தொடவில்லை.

"ஷோயப் தம்பி சொல்லிச்சு. எனக்குத் தெரியும்மா. தெருவுக்குத் தெரியாதே? 'அந்தப் பொண்ணு ஒயர ஏம்மா வெட்டுன'ன்னு நேத்து பால்காரரு கேக்கறாரு. தெருவுல சொன்னத வூட்டுக்குள்ள வந்து எடுத்துக்கினா எப்படி?"

டப்பாவோடு திரும்பினேன். வெளியே வரும்போது யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். அப்போதும்!

ஜூன் 14, சனி

தெருவில் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். நாலு தடவை எழுதினேன். நாலிலும் கலைவாணன்தான் ஆணி அடிக்கிறார், நான் எங்கேயும் இல்லை. கிழித்துப் போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பால் வண்டி வந்து நின்றது. ஆதிகேசவன் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். சம்பூர்ணம் அக்கா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நடுத்தெருவில் போய் நின்றேன்.

"அக்கா ஒயர வெட்டல. நான் காட்டுன எடத்துல அடிச்ச ஆணிதான் அத ஒடச்சிது. அவங்க மேல பழி போட்டது நான்—" குரல் பாதியில் உடைந்தது.

"சரி விடும்மா, ஆச்சு" என்றார் பால்காரர்.

"இல்லண்ணா, முழுசா கேளுங்க" என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்கா கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை.

"ஒம்போது மணிக்கு மாடியக் கழுவப்போறேன். ஒயர்ல தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாதேம்மா?"

"ஆகாதுக்கா" என்றேன்.

"இல்ல, பின்னால பேச்சு வரக்கூடாது பாரு. கேட்டுக்கறேன்" என்றுவிட்டு உள்ளே போனார்.

தன் மாடியைக் கழுவ என்னிடம் கேட்கிறார்.