ஹெட்போன் வயரும் பொன்னாடையும்

12 அக்டோபர் 2003, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாடகர் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தபோது செல்வமேரி பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் ஆலயத்தின் பாடகர் குழுவை நடத்துகிறவள். என் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவள்.

"அங்கிள், ஒரு நல்ல விஷயம். எழுபது தாண்டினவங்களுக்கு நவம்பர் கடைசியில அட்வென்ட் முதல் ஞாயிறு அன்னிக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்யலாம்னு கமிட்டியில முடிவு பண்ணியிருக்காங்க. நீங்க, ஏசுதாசன் அங்கிள், ரெண்டு பேரும்."

"சந்தோஷம்மா."

"அதுக்கப்புறம் நீங்க பிராக்டிஸுக்கெல்லாம் அலைய வேண்டாம் பாருங்க. ரிலாக்ஸா கீழ உக்காந்து கேக்கலாம்."

அதற்கும் "சந்தோஷம்மா" என்றேன். ஏன் சொன்னேன்? கல்லூரியில் தர்க்கம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அவள் சொன்னதன் முடிவு என்ன என்று புரிய, குரோம்பேட்டையிலிருந்து அஸ்தினாபுரம் பஸ் ஏறி உட்கார வேண்டியிருந்தது. முடிவு இதுதான்: இந்த வருடக் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் நான் இல்லை.

13 அக்டோபர், திங்கள்

ஏசுதாசனுக்குப் போன் செய்தேன். பாடகர் குழுவில் கனத்த ஆண்குரல்களான பாஸ் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவன்.

"உண்மையச் சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது. ரெண்டு வருஷமா நீ சுருதி இறங்கிப் பாடுற. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

"அதான் பிரச்சினை."

"சரி, உனக்கு எதுக்குப் பொன்னாடை?"

"எனக்கு முட்டி போச்சு எட்மண்ட். ஒரு மணி நேரம் நிக்க முடியல. குடுத்தா சந்தோஷமா வாங்கிட்டுப் போய் உக்காந்துருவேன்."

அவனுக்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறதாம். ஆனால் என் காரணத்தை நானே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒப்புக்கொள்ள முடியாது.

15 அக்டோபர், புதன்

செல்வமேரி எல்லோருக்கும் கொடுத்திருக்கும் பயிற்சி கேசட்டில் பாஸ் குரல் மட்டும் தனியாகப் பதிவாகியிருக்கிறது. அதைப் போட்டுக் கூடவே பாடிப் பார்க்க வேண்டும். டேப் ரெக்கார்டர் ஹாலில் இருக்கிறது, நகர்த்த முடியாத அளவு கனம். சாயங்காலம் ஹாலில் டிவி. அதனால் ஹெட்போன். உட்கார்ந்து பாடினால் எனக்கு மூச்சு நிற்பதில்லை. பின் வராண்டாவில் நின்று பாட வேண்டும். அதனால் நீளமான வயர். இருக்கும் ஹெட்போனின் வயரையோ எலி கடித்துவிட்டது.

"தூக்கிப் போடுங்கப்பா, புதுசு வாங்கித் தர்றேன்" என்றான் ஸ்டெபின்.

"புதுசுல வயர் டேபிளைத் தாண்டாது. எனக்கு வராண்டா வரைக்கும் வேணும். நானே செஞ்சுக்கறேன்."

"நீங்களா? ட்யூப்லைட் ஸ்டார்ட்டர் மாத்தவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டீங்க!"

மருமகள் ஜென்சி சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்? அறைக்குள் வந்த பிறகுதான் கோபம் வந்தது. செய்றேன். பாத்துக்கட்டும்.

17 அக்டோபர், வெள்ளி

மேற்குத் தாம்பரத்தில் மைதீன் பிச்சையின் ரேடியோ சாமான் கடை. வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பற்றவைக்க ஒரு சால்டரிங் அயர்ன், ஈயம், பேஸ்ட், ஒரு ஸ்டீரியோ பின், உள்ளே இரண்டு கம்பியும் சுற்றிலும் வலையும் உள்ள மைக் வயர்.

"இன்னா சார், இந்த வயசுல உங்களுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வூட்ல பேரன் கீறானா?"

"எனக்குத்தான்."

"கைய சுட்டுக்கினு வந்து என்னாண்ட நிக்காதீங்க, ஆமா."

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கை போனது. பிறகு, "ஈயம் இன்னொரு சுருள் குடுங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

18 அக்டோபர், சனி

பின்னில் மூன்று பாகம். நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பாகம் இரண்டுக்கும் பொது. மூன்று கம்பியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. படம் வரைந்து சுவரில் ஒட்டினேன்.

படத்தில் எல்லாம் சுலபம். ஹெட்போனுக்குள்ளிருந்து வரும் கம்பிகள் தலைமுடி அளவுதான் இருக்கின்றன. ஈயம் அவற்றில் ஒட்டவே மறுக்கிறது. உருண்டு உருண்டு விழுகிறது. கட்டைவிரலில் ஒரு கொப்புளம். சாப்பாட்டு மேசை விரிப்பில் ஒரு ஓட்டை.

"மாமா, இந்த விரிப்பு போன வாரம்தான் வாங்கினேன்" என்றாள் ஜென்சி. மன்னிப்புக் கேட்டேன். இரண்டு முறை.

20 அக்டோபர், திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! அந்தக் கம்பிகளுக்குச் சிவப்பும் பச்சையும் சாயம் என்று நினைத்திருந்தேன். அது வார்னிஷ். அதை முதலில் சூட்டில் எரித்துவிட்டால் ஈயம் உடனே பிடித்துக்கொள்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே கண்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அடிக்கப் போவதில்லை.

22 அக்டோபர், புதன்

பின்னின் மூடியை முதலில் வயரில் கோர்த்துக்கொள்ளாமலே பின்னைப் பற்றவைத்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து.

24 அக்டோபர், வெள்ளி. தீபாவளி

தெருவெல்லாம் வெடி. பக்கத்து வீட்டுச் சாவித்ரி அம்மாள் கொண்டுவந்த அதிரசத்தைத் தின்றுகொண்டே பற்றவைத்தேன். இந்த முறை மூடியை மறக்காமல் கோர்த்தேன். தலைகீழாக.

மனைவி ரத்தினபாய் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, சட்டைய மட்டும் நேராப் போட்டுட்டு வந்துட்டீங்களே, அது எப்படி?"

27 அக்டோபர், திங்கள்

சத்தம் வந்தது. வராண்டாவில் நிற்கிறேன், ஹாலில் ஓடும் டேப் என் காதுக்குள் பாடுகிறது!

ஆனால் வலது பக்கம் மங்கல். தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல. வலது பக்க இணைப்பு சரியில்லை. அவிழ்த்துச் செய்ய வேண்டும்.

31 அக்டோபர், வெள்ளி

வலது பக்கத்தை மூன்றாம் முறையாகப் பிரித்துச் செய்தாயிற்று. அதே மங்கல். மைதீன் பிச்சையிடம் போனேன். நோன்பு நேரம், வாய் உலர்ந்திருந்தும் கிண்டல் குறையவில்லை. "பின்னு டூப்ளிகேட்டா இருக்கும் சார். இல்லாங்காட்டி உங்க கை டூப்ளிகேட்டு." வேறு பின் கொடுத்தார். அதையும் போட்டாயிற்று. அதே மங்கல்.

ஸ்டெபின் வந்து நின்றான். வெறுமனே அயர்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அது போதாதா?

என் கைக்கு இது வராது போலிருக்கிறது.

4 நவம்பர், செவ்வாய்

ரத்தினபாயைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். "வலது பக்கம் எவ்வளவு மங்கல்னு சொல்லு."

கண்ணை மூடிக் கேட்டாள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதாங்க கேக்குது."

"என்னைச் சமாதானப்படுத்தாதே."

"எனக்கென்ன வந்துச்சு? நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

அவள் போனபின் ஹெட்போனை நானே மாட்டிக்கொண்டேன். பிறகு இடம் வலம் மாற்றி மாட்டினேன். வயரில் குறை இருந்தால் மங்கல் இப்போது இடது காதுக்கு வர வேண்டும்.

வரவில்லை. மங்கல் வலது காதிலேயே இருந்தது. திருப்பிப் போட்டேன், மறுபடி திருப்பினேன். வலதிலேயே.

வயர் சரி. மூன்று முறை பிரித்தபோதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. என் காதுதான்.

எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருப்பேன், காரணத்தைத் தனியாகப் பிரித்துப் பார் என்று. ஒரு கெட்டுப்போன சங்கதி என்றவுடன் நான் சந்தேகப்பட்டது என் கையை மட்டும்தான். எப்பப் பாத்தாலும் நான்தான் தப்பு, நான்தான் தப்பு — ச்சே!

6 நவம்பர், வியாழன்

பல்லாவரத்தில் காது டாக்டர். வலது காதில் பாதிக்குமேல் கேட்கவில்லை, இடது வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்றார். மெல்ல மெல்லக் குறைந்ததால் தெரியாமல் போயிருக்கும் என்றார். காது மிஷின் வைத்துக்கொள்ளலாமாம். கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இடது காதில் கேட்டுக்கொண்டே வராண்டாவில் பாடினேன். ஒரு மணி நேரம். ஜென்சி டிவி சத்தத்தைக் கூட்டினாள். நானும் கூட்டினேன்.

8 நவம்பர், சனி

பிராக்டிஸுக்குப் போகவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாஸ் வரிசையில் ஒரு வழக்கம். புதிதாகச் சேருகிறவர் எங்களைவிட உயர்ந்த குரலில் பாடும் டெனர்காரர்களை ஒட்டி நிற்பார். மூத்தவர் யாராவது போய்ச் சேர்ந்தால் எல்லோரும் ஒரு இடம் நகர்வார்கள். கடைசி இடம், இடது பக்கச் சுவரோரம், அதிக மூத்தவருக்கு. அங்கே நிற்பது ஒரு கௌரவம். போன வருடத்துக்கு முந்தின வருடம் தோத்தாத்ரி ஜேக்கப் ஐயா இறந்தபின் சுவரோரம் எனக்கு வந்தது.

சுவரோரம் வந்தால் என்ன ஆகும்? இடப்பக்கம் வெறும் சுவர். மற்ற பாஸ்காரர்கள், கீபோர்டு, எல்லாம் வலப்பக்கம். கேட்காத காதுப் பக்கம்.

ரெண்டு வருஷமா சுருதி இறங்குது என்றான் ஏசுதாசன்.

ரெண்டு வருஷமா நான் ஒரு சுவருக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

15 நவம்பர், சனி

பிராக்டிஸுக்கு அரை மணி முன்னாலேயே போனேன். பேச வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேன். செல்வமேரியைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது.

"பொன்னாடை வேண்டாம்மா. எனக்கு இடம் மாத்திக் குடு. டெனர் பக்கம்."

"அது புதுசா வர்றவங்க இடம் அங்கிள்!"

காதைப் பற்றிச் சொன்னேன். வயரைப் பற்றியும் சொன்னேன், அது தேவையே இல்லை, ஆனாலும் சொன்னேன்.

"ஐயோ, உங்களைப் போய் அங்க நிறுத்தினா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? மரியாதையா இருக்காதே."

"மரியாதைதாம்மா என்னைக் கெடுத்துச்சு."

இது மனப்பாடம் செய்ததில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"பேரெல்லாம் பிரிண்டுக்குப் போயிடுச்சு அங்கிள்..."

"அடுத்த வாரம் பாடிக் காட்டறேன். இறங்கினா நீயே சொல்லு. நான் போய் உக்காந்துடறேன்."

அவள் தலையாட்டினாள். இன்னும் என்ன கேட்டிருப்பேனோ, நல்லவேளை தலையாட்டினாள்.

22 நவம்பர், சனி

புது ஆள் நிற்கும் இடத்தில் நின்றேன். இதுவரை அங்கே நின்ற, பாங்க்கில் வேலை பார்க்கிறவர் குழப்பத்தோடு நகர்ந்துகொண்டார். வலப்பக்கம் டெனர்காரர்கள், அவர்கள் குரல் கேட்காவிட்டால் எனக்கு நஷ்டம் இல்லை. இடப்பக்கம் பாஸ்காரர்கள் எல்லோரும்.

முதல் அடி எடுத்ததும் நான்கு குரல்கள் என் இடது காதில் ஒன்றாக வந்தன. அவற்றுக்கு நடுவில் என் குரலும் தெரிந்தது. கொஞ்சம் கீழே இருந்தது. ஆம், ஏசுதாசன் சொன்னது நிஜம்தான். ஏற்றினேன். சேர்ந்துகொண்டது.

செல்வமேரி கையை நிறுத்தவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "கமிட்டிகிட்ட பேசறேன் அங்கிள்."

30 நவம்பர், ஞாயிறு

பேசினாளா, அவர்கள் கேட்கவில்லையா, தெரியவில்லை. செயலாளர் மைக்கில் இரண்டு பேரையும் வாசித்தார். ஏசுதாசன் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். சபை கைதட்டியது. அடுத்து என்னைப் பார்த்தது.

நான் நகரவில்லை. தலையை ஆட்டினேன். அவருக்குப் புரியவில்லை. "எட்மண்ட் ஐயா, கூச்சப்படாம வாங்க" என்றார் மைக்கிலேயே. வாழ்க்கையில் ஒரு கூட்டத்திலும் நான் எழுந்து மறுத்ததில்லை. கல்லூரியில் எனக்கு வர வேண்டிய பதவியை வேறொருவருக்குக் கொடுத்தபோதுகூட.

"மன்னிக்கணும்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், உரக்க. "நான் இன்னும் பாடிக்கிட்டு இருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். ஆயர் அந்தப் பொன்னாடையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த பாமாலையின் எண்ணைச் சொன்னார். பாடினோம்.

திரும்பும் வழியில் ஸ்டெபின் வண்டி ஓட்டிக்கொண்டே, "மானத்தை வாங்கிட்டீங்கப்பா" என்றான்.

"யார் மானத்தை? ஒழுங்காப் பாடறவரை எதுக்கு இறக்கணும்?" என்றாள் ஜென்சி.

ரத்தினபாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வராண்டாவில் பாடினேன்.

21 டிசம்பர், ஞாயிறு

கேரல் ஆராதனை. பாடினேன். தொண்டை கட்டியிருக்கிறது, ரத்தினபாய் மிளகுப் பால் வைத்திருக்கிறாள்.

10 ஜனவரி 2004, சனி

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலப் பாடல்களுக்குப் பிராக்டிஸ் தொடங்கிவிட்டது. இரண்டாவது பாட்டில் செல்வமேரி கையைத் தட்டி எல்லோரையும் நிறுத்தினாள்.

"எட்மண்ட் அங்கிள்! எல்லாருக்கும் முன்னாடி ஓடறீங்க. அவ்வளவு என்ன அவசரம்? பாஸ் மட்டும், திரும்ப முதல்லேருந்து."

டெனர்காரர்கள் சிரித்தார்கள். அவள் என்னைத் திருத்தி வெகுகாலம் ஆகிறது. சரி என்று பக்கத்தைத் திருப்பினேன்.