ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

சின்னி,

இன்றைக்கு எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை. பீன்யா தொழிற்பேட்டை முழுக்கப் பூசணிக்காய் உடைத்து ரோடெல்லாம் குங்குமச் சிவப்பாகக் கிடக்கிறது. எங்கள் லைனில் இருக்கிற எல்லா மெஷினுக்கும் நான்தான் சந்தனம் வைத்தேன். மெஷின் எண்ணெயோடு சந்தனம் சேர்ந்தால் ஒரு வாசனை வரும், உனக்குத் தெரியும். எல்லோருக்கும் பிடிக்கிற அந்த வாசனையில் என்னால் நிற்க முடியவில்லை. பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் பழைய நோட்டில் நீ எழுதாமல் விட்ட பக்கங்களில் இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அப்பா போனதும் தங்கவயலை விட்டு ஸ்ரீராம்புரத்துக்கு வந்தோம். நான் கார்மெண்ட்ஸில் சேர்ந்தேன், செக்கிங் டேபிளில். நீ பன்னிரண்டாவது முடித்து, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மல்லேசுவரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாய். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "ஆறு மாசம் பாப்பேன். வேல கெடைக்கலன்னா அக்கா கூட தையலுக்குப் போ" என்று சொல்லிவிட்டாள். எங்கள் சூப்பர்வைசரிடம் உனக்காக ஒரு மெஷின் கேட்டும் வைத்திருந்தாள். நீ அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாய்.

வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? நோட்டில் பென்சிலால் எழுதுவாய். சென்டரில் உனக்கென்று கொடுக்கிற ஒரு மணி நேரத்தில் அதை டைப் அடிப்பாய். திரும்பி வரும்போது உன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

"என்னடி, இன்னிக்கும் எரரா?"

"நான் எழுதினத மெஷின் மொதல்ல முழுசாப் படிச்சுப் பாக்கும் அக்கா. அதுக்குப் பேரு கம்பைல். புரியலன்னா ஓட்டாது. எந்த வரியில புரியலன்னு சொல்லும்."

"எங்க சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லு."

"உங்காளு காரணம் சொல்லாம திட்டுவாரு. இது நம்பர் போட்டுத் திட்டும்."

பெங்களூரிலிருந்து குடியாத்தம் வரைக்கும் போகிற பஸ்ஸுக்கு டிக்கெட் ரிசர்வ் செய்வதுதான் உன் ப்ராஜெக்ட். அதை முடித்துக் காட்டினால்தான் சென்டர் சார் உன் பேரைக் கம்பெனிக்கு அனுப்புவார். முடித்தும் விட்டாய். எல்லா எரரும் போய், ஓடியது. அதைப் பதிந்து வைத்த ஃப்ளாப்பி டிஸ்க்கை நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் தூக்கிக் காட்டினாய். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துதான் வாங்கிப் பார்த்தாள். ஆயுத பூஜை முடிந்து வருகிற திங்கட்கிழமை சாருக்குக் காட்ட வேண்டும்.

பூஜை அன்று நீ உன் கிளாஸ்மேட் வீட்டுக்குப் போயிருந்தாய். நான் கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி, அருவாமனை எல்லாம் கழுவி சாமி முன்னால் வைத்தேன். அப்பாவின் சுரங்கத் தொப்பிக்கும் பொட்டு வைத்தேன். என் தொழிலுக்கு வைத்தாயிற்று, அப்பாவுக்கு வைத்தாயிற்று, சின்னிக்கு எதற்கு வைப்பது என்று பார்த்தேன். நோட்டுக்குள் ஃப்ளாப்பி இருந்தது. அதற்கு எது முகம் என்று தெரியவில்லை. ஓரத்தில் இருந்த தகடு விரலுக்கு நகர்ந்தது. உள்ளே பளபளவென்று கறுப்பாகக் கொஞ்சம் தெரிந்தது. இதுதான் இடம் என்று நினைத்துவிட்டேன். சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து அங்கே வைத்தேன். மேலே குங்குமம். நல்ல வேலை கிடைக்கணும் என்று வேண்டிக்கொண்டுதான் வைத்தேன் சின்னி.

மறுநாள், நீ திரும்பி வந்து பார்த்தால் கிண்டல் செய்வாயே என்று, ஈர முந்தானையால் துடைத்துவிட்டு நோட்டுக்குள் திரும்ப வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சென்டரிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாய். "டிஸ்க் போச்சு அக்கா. எந்த மெஷின்ல போட்டாலும் படிக்க மாட்டேங்குது." இன்னொரு காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. சென்டர் மெஷினில் ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் அழித்துவிடுவார்களாம். அப்புறம் ஜன்னல் பக்கம் போய் நின்று, அந்தத் தகட்டை நகர்த்துவதும் விடுவதுமாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். நகத்தால் எதையோ சுரண்டினாய்.

"அக்கா, இத யாராவது எடுத்தீங்களா?"

"இல்லையே" என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குள் அம்மா உள்ளேயிருந்து, "சரி விடு, ஒண்ணாந்தேதி அக்கா கூட போய் கார்மெண்ட்ஸ்ல சேரு" என்றாள். அதைக் கேட்டதும் உன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வாய் இன்னும் இறுகிவிட்டது.

சார் இரக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமை சென்டரைத் திறந்தார். உன்னிடம் ஒரு பழைய பிரிண்ட் இருந்தது, முந்தின மாதம் எடுத்தது. நான் வரி வரியாகப் படிக்கிறேன், நீ டைப் அடி என்று நானும் கிளம்பி வந்தேன். "இவங்களுக்கு இங்கிலீஷ் வருதா?" என்று சார் கேட்டார். "எழுத்து தெரியும் சார். சட்டைல லேபிள் பாக்கறவ நான்" என்றேன். "ஆயித்து, கூத்கொளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

"இது என்னடி, அடைப்பு, நடுவுல மூக்கு வச்சு?"

"அதுவா? மீசைன்னு சொல்லு, எனக்குப் புரியும்."

மீசை திறக்குது, மீசை மூடுது என்று நான் சொல்லச் சொல்ல, பக்கத்து மெஷினில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ அந்த மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தாய்.

முடித்துக் கம்பைல் போட்டதும் திரை நிறைய எரர். மேலே போகப் போக இன்னும் வந்தது. பழைய பிரிண்ட் இல்லையா, அதற்கப்புறம் நீ ஒரு மாதம் உட்கார்ந்து திருத்தியது எதுவும் அதில் இல்லை. "ஒரு தடவ சாவடிச்சதெல்லாம் எழுந்து வந்திருக்கு அக்கா" என்று கீபோர்டிலேயே தலையைச் சாய்த்தாய். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியிலிருந்து திருத்த ஆரம்பித்தாய்.

"ஏன்டி கீழருந்து போற?"

"கீழ இருக்கிறதெல்லாம் சின்னது. முடிச்சா எண்ணிக்க கொறையும்."

"எங்க லைன்ல ஒரு பண்டில் முழுக்க காலர் கோணலா வந்தா, எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டா உக்காருவோம்? மொதல் சட்டை எந்த மெஷின்ல கோணலாச்சுன்னு போய் பாப்போம். மொதல் எரர் எது, அத காட்டு."

முதல் எரரைத் திருத்தித் திரும்பவும் கம்பைல் போட்டாய். அதோடு பாதித் திரை காலி. அதனால் வந்த எரர்களாம் அவ்வளவும். மறுபடி முதல் எரர், மறுபடி கம்பைல். நோட்டைப் புரட்டிப் புரட்டி நான்கு மணிக்குள் ஒன்றே ஒன்றில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். அதுதான் போகவில்லை. கடைசி வரியில் தப்பு என்று சொன்னது. கடைசி வரியில் ஒன்றுமே இல்லை.

சார் எட்டிப் பார்த்தார். "எங்கயோ ஒரு அடைப்பு மூடல. மேல தேடும்மா. மெஷின் கடைசி வரைக்கும் காத்திருந்து பாக்கும். அப்பறம்தான் சொல்லும்."

என் பையில் இருந்த தையல் சாக்பீஸை எடுத்து, பிரிண்டில் திறந்த மீசையையும் மூடின மீசையையும் கோடு போட்டு ஜோடி சேர்த்தேன். பேப்பரில் எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் டைப் அடித்ததில்தான் விட்டுப்போயிருக்க வேண்டும். பக்கம் பக்கமாகத் திரையோடு வைத்துப் பார்த்தோம். மூன்றாவது பக்கம் மடிகிற இடத்தில், மடிப்புக்குள் தனி வரியில் நின்ற ஒரு மூடின மீசை திரையில் இல்லை. நான்தான் அந்த வரியைப் படிக்காமல் தாண்டியிருந்தேன்.

"நான்தான்டி விட்டுட்டேன்" என்றேன்.

"விடு அக்கா. சொல்லிட்டல்ல? தெரிஞ்ச தப்ப ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்."

ஒரு எழுத்துதான் தட்டினாய். ஓடியது. பயணி பேர் என்று கேட்ட இடத்தில் என் பேரை அடித்து, ஜன்னல் சீட் கொடுத்தாய். அந்த நேரத்தில் உன்னிடம் சொல்லியிருக்கலாம். என் பக்கத்தில்தான் இருந்தாய், சிரித்துக்கொண்டும் இருந்தாய். சின்னத் தப்பை ஒத்துக்கொண்ட வாய் பெரிய தப்பைச் சொல்ல வரவில்லை. வேலை கிடைக்கட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். வேலை கிடைத்தது. முதல் சம்பளத்துக்கு அப்புறம் சொல்லலாம் என்றேன். அப்புறம் நான்கு வருஷம் ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் உன் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோது ஒரு காலையில், இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே, "சின்னி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "வீட்டுக்குப் போய் சொல்லு அக்கா, இங்க வேணாம்" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததுதான் இப்போது பொறுக்கவில்லை. நீ வீட்டுக்கு வரவேயில்லை.

இப்போது நான் செக்கிங்கில் சீனியர். புதுசாக வருகிற பெண்கள் ஒரு பண்டில் கெட்டுப்போனால் பயந்து எதிலிருந்து பிரிப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். முதல் தப்பு எங்கே என்று பார் என்பேன். யாரிடம் கற்றது என்று கேட்டால் உன் பேரைச் சொல்கிறேன். உண்மையில் நான்தான் உனக்குச் சொன்னேன். ஆனாலும் உன் பேரைத்தான் சொல்கிறேன், யாராவது ஒருத்தர் உன் பேரைக் காதால் கேட்கட்டும் என்று. முதல் தப்பு எங்கே என்று தேடினால் என் விஷயத்தில் அந்தச் சந்தனம் கூட இல்லை சின்னி. அது தெரியாமல் செய்தது. ஜன்னல் பக்கம் நின்று நீ கேட்டபோது சொன்ன "இல்லையே"தான். அதற்கப்புறம் வந்ததெல்லாம் அதனால் வந்தது.

இன்றைக்கு மெஷினுக்குச் சந்தனம் வைக்கும்போது இன்னொன்று ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு நீ ஒரு புது ஃப்ளாப்பி வாங்கிக்கொண்டு வந்தாய். உறை கூடப் பிரிக்கவில்லை. கத்தரிக்கோல் பக்கத்தில் நீயே வைத்தாய். "இதுக்கும் பொட்டு வை அக்கா. இதுல ஒண்ணும் இல்ல, வெறும் டிஸ்க்குதான். எங்க வேணா வை" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் விளக்குக்குத் திரி போட உட்கார்ந்துகொண்டாய். நானும் உறை மேலேயே பொட்டு வைத்தேன்.

உனக்கு அப்போதே எல்லாம் தெரியுமா சின்னி?