மைதானத்துக்கு ஓர் அகல வாசல்

கொட்டாஞ்சேனை,
09.02.2025

அன்புள்ள அபிராமிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் அனுஷியாவும் சுகம். மாமியும் நீயும் வெள்ளவத்தையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டரை வருஷமாக ஒரு கதையும் பேச்சும் இல்லாமல் இருந்துவிட்டு இப்போது என்ன கடிதம் என்று யோசிப்பாய். எங்கள் தொடர்மாடியின் கீழ்ச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் காணியில் பூங்காவும் விளையாட்டு மைதானமும் வரப்போகிறதாம். அபிப்பிராயம் இருந்தால் எழுதி அனுப்பட்டாம். கொள்ளுப்பிட்டி ஆபீஸ் விலாசம் போட்டு, கீழே உன் பெயர். அனுதான் முதலில் கண்டாள். "அம்மா, நம்ம அத்தைதான் பிளான் போடுறாங்க" என்று கத்திக்கொண்டே மூன்று மாடியும் ஏறி வந்தாள். உன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஆனால் எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான். மரம் வை. பெஞ்சு வை. வயசானவர்கள் நடக்கப் பாதை போடு. மைதானம் மட்டும் வேண்டாம். உன் அண்ணன் விழுந்த பிறகு, வாய்க்கால் வேலைக்கென்று குழாய்களைக் கொண்டுவந்து குவித்து அந்தக் காணியை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் திட்டினார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அவர் விழுந்த இடத்தில் மறுபடியும் பந்து உருளுவதை எங்கள் ஜன்னலில் இருந்து தினமும் பார்க்க என்னால் ஏலாது.

உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைச் செய்து தா.

அன்புடன்,
யோகேஸ்வரி அண்ணி


வெள்ளவத்தை,
16.02.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஆபீஸில் மற்றக் கடிதங்களோடு உங்கள் கடிதமும் வந்தது. எழுத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. மேசையில் வைத்துப் படிக்க முடியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அனு படி ஏறி வந்த இடத்தை மட்டும் மூன்றாம் தடவையும் கேட்டார். பிள்ளை வளர்ந்திருப்பாள்.

அண்ணி, உங்களுக்குப் பொய்யாக ஒரு வாக்குத் தர எனக்கு விருப்பமில்லை. மைதானம் வேண்டாம் என்று எழுதியது நீங்கள் ஒருவர்தான். வேண்டும் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். உங்கள் தொடர்மாடியில் இருந்து கிராண்ட்பாஸ் வரைக்கும் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட வேறு வெறும் நிலம் இல்லை. லேனுக்குள் த்ரீவீலுக்கும் லொறிக்கும் நடுவில்தான் பந்து அடிக்கிறார்கள். நானே நின்று பார்த்தேன்.

என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். பிட்ச்சை வாய்க்கால் பக்கமாகத் தள்ளி வைக்கிறேன். உங்கள் பக்கம் முழுக்க மரம் நடுகிறேன். வளர்ந்தால் மூன்றாம் மாடி வரைக்கும் மறைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் ஆபீஸ் விட்டு வந்து தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தக் காணிக்கு ஓடுவார், உங்களுக்குத் தெரியும். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்த இடத்தை அவருடைய தங்கச்சியே மூடினாள் என்று இருக்க எனக்கு மனம் வரவில்லை.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூட்டம். நீங்கள் வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்.

அன்புள்ள,
அபிராமி


கொட்டாஞ்சேனை,
20.02.2025

அபிராமிக்கு,

கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். ஊர்ச் சனத்துக்கு முன்னால் எழும்பி நின்று என்ன சொல்வது?

அவர் சந்தோஷமாக இருந்த இடம் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அது போதும். நீ வெள்ளவத்தையில் இருக்கிறாய்.

அன்றைக்கு நான் ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஓடி வந்து பந்து போட்டார். திரும்பி நடக்கும்போது குனிந்தார். காலில் குத்திய கல்லைப் பொறுக்கி எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். குனிந்தவர் நிமிரவில்லை. நான் கீழே ஓடிப் போவதற்குள் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். தேத்தண்ணீர்க் கடை ஹமீட் போன் பண்ணி அம்புலன்ஸ் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அதன் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் வரவில்லை. பிறகு தூக்கினார்கள். எந்த வழியால் போனோம், யார் யார் பிடித்தார்கள், எனக்கு ஒன்றும் நினைவில்லை. அவருடைய ஒரு செருப்பு என் கையில் இருந்தது, அது மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நீ வந்தாய். எல்லாருக்கும் முன்னால் கேட்டாய்: "ஏன் அண்ணி இவ்வளவு நேரம்? கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே." டாக்டர் அதையே சொல்லிவிட்டுப் போன நேரம் அது. மாமி அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

உன் பிளானை நீ போடு. எனக்கு இனி எழுத வேண்டாம்.

யோகேஸ்வரி


வெள்ளவத்தை,
02.03.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் வாசியுங்கள். பிறகு கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

கூட்டத்துக்கு மண்டபம் நிறையச் சனம். கடைசியாக ஹமீட் எழும்பினார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "மிஸ், கிரவுண்ட் வேணும். ஆனா வண்டி உள்ளுக்கு வர ஒரு வழி வைங்க. எங்கட ஜெயகுமார் விழுந்த அன்னைக்கு அம்புலன்ஸ் மெயின் ரோட்லயே நின்டிச்சு. உள்ளுக்கு வர ஏலாம போச்சு. சுவத்தில ஒரு ஆள் போற அளவுக்குத்தான் வழி. ஸ்ட்ரெச்சர அதுக்குள்ளால கொண்டுவர ஏலாம, நாங்க கையில தூக்கிட்டு லேன் முழுக்க ஓடினம். பாதி வழியில மனுஷன் கண்ண மூடிட்டார்" என்றார்.

நான் அவருடைய தங்கச்சி என்று சொன்னேன். மனிதர் கதிரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்த பிறகு அவரோடு அந்த வழியை நடந்து பார்த்தேன். சுவர் இடைவெளியில் நானே தோளை ஒடுக்கித்தான் போக வேண்டியிருந்தது. அண்ணி, என்னுடைய புதுப் பிளானிலும் வாசல் அதே இடத்தில்தான் இருந்தது. கொஞ்சம் அகலமாக்கி, மேலே வளைவு கட்டி, இரண்டு பக்கமும் செவ்வரளி வைத்து வரைந்திருந்தேன். எல்லாரும் வடிவு என்றார்கள். அதற்குள்ளால் ஒரு சைக்கிள் போகும்.

நான் உங்களைக் கேட்ட கேள்விக்கு அந்தச் சுவர்தான் பதில். உங்களைக் கேட்டிருக்கவே கூடாது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். மன்னிப்பு என்று எழுதும்போது சொல் சின்னதாக இருக்கிறது. இருந்தாலும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வளைவை அழித்துவிட்டேன். அம்புலன்ஸ் நேராக மைதானம் வரைக்கும் வர ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. உங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்தில், த்ரீவீல்கள் நிறுத்துகிற துண்டு நிலம். அங்கே சுவரை உடைத்து அகலமாக ஒரு கேட் வைக்கலாம். ஆனால் தொடர்மாடிக்காரர் எல்லாரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் பழைய வழியே போதும் என்று என் மேலதிகாரி சொல்லிவிட்டார். த்ரீவீல்காரர் முடியாது என்று நிற்கிறார்கள். நான் வந்து கேட்டேன், "ஆபீஸ் மிஸ்ஸுக்கு என்ன தெரியும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உங்களைச் செய்யச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்பதற்காக எழுதினேன்.

அபிராமி


கொட்டாஞ்சேனை,
23.03.2025

அன்புள்ள அபிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு நாள் சமையலும் சரியாகச் செய்யவில்லை. அனு, "அம்மா, உப்பு" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டாள்.

இத்தனை நாளாக நான்தான் பிந்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படியில் ஒரு தரம் சறுக்கினேன், அதுவா? சேலையை மாற்றாமல் அப்படியே ஓடியிருக்க வேண்டுமா? படுத்தால் இதுதான். இப்போது அதை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு டோரினைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.

மற்றவர்கள் ஒருமாதிரிச் சம்மதித்தார்கள். கீழ்வீட்டு ஸ்ரீனிவாஸ்தான் பிடிவாதம். த்ரீவீல்காரர் எல்லாருக்கும் அவன் சொல்தான். "அக்கா, கேட் வச்சா என் வண்டிய எங்க விடுற? ரோட்ல விட்டா காலையில கண்ணாடி இருக்காது. இதுலதான் நாலு பேரு சாப்பிடுறோம்" என்றான். அவன் சொல்வதும் பொய் இல்லை.

நான் அவனோடு சண்டை பிடிக்கவில்லை. அவன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். கல் பொறுக்குகிறார் என்று நினைத்ததில் இருந்து செருப்பு வரைக்கும். இதுவரை நான் வாயால் யாருக்கும் சொன்னதில்லை, அபி. டோரினுக்குக்கூட. சொல்லி முடிக்கும்போது அவன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீனிவாஸ் தலையைக் குனிந்துகொண்டு, "பேனை இருக்கா அக்கா?" என்றான்.

ஆனால் அவனுடைய வண்டிக்கு இடம் தருவதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். பின்சுவர் ஓரம் நீ பூப்பாத்தி போட்டிருக்கிறாயாம். அந்தப் பூவை வேறு எங்காவது வை. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

மைதானத்துக்கு நான் சம்மதித்தேன் என்று எழுதிக்கொள்ளாதே. அது வரத்தான் போகிறது என்றால் அந்த வாசலோடு வரட்டும். அவ்வளவுதான்.

மாமியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணி


வெள்ளவத்தை,
13.07.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வேலை நடக்கும்போது எத்தனையோ தடவை உங்கள் தொடர்மாடிக்குக் கீழே நின்றேன். மேலே வர ஒவ்வொரு தடவையும் கால் எடுத்து வைத்தேன். நீங்கள் கூப்பிடாமல் வரக் கூடாது என்று திரும்பிவிட்டேன். அனு மட்டும் இரண்டு தரம் ஓடி வந்து பேசினாள். அண்ணனின் நெற்றி அப்படியே அவளுக்கு.

பூப்பாத்தி போய்விட்டது. த்ரீவீல்களுக்குக் கூரையோடு இடம் வந்துவிட்டது. மேலதிகாரி பத்திரிகைக்காரர்களுக்கு இனி எதைக் காட்டுவது என்று முணுமுணுத்தார். கேட்டைக் காட்டுங்கள் என்றேன். உங்கள் பக்கம் மருதும் வேம்பும் நட்டிருக்கிறோம். இப்போதைக்கு இடுப்பளவுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் திறப்பு. தொடர்மாடிக்காரரும் ஹமீட்டின் ஆட்களும் சேர்ந்து, மைதானத்துக்கு அண்ணனின் பெயரை வைக்க வேண்டும் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். ஆபீஸில் மறுப்பு இல்லை. எனக்குக் கேட்டவுடன் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் உங்களைக் கேட்காமல் ஓம் என்று சொல்லமாட்டேன். இந்தத் தடவை முதலில் உங்களைத்தான் கேட்கிறேன்.

அம்மா உங்களையும் அனுவையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். "என்னை வரவிடுவாளா?" என்றும் கேட்கிறார். முழங்கால் வேறு முடியாது, மூன்று மாடி எப்படி ஏறுவது என்று ஒரு கவலை. எது பெரிய கவலை என்று எனக்குத் தெரியும்.

அன்புள்ள,
அபி


கொட்டாஞ்சேனை,
27.07.2025

அன்புள்ள அபிக்கு,

திறப்பு விழா வரைக்கும் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று ஆபீஸில் நீங்கள் எல்லாரும் நினைத்தீர்களா? காணியைச் சுற்றி அடைத்திருந்த தகரத்தை வேலைக்காரர் கழற்றிய அன்றைக்கே உள்ளே இறங்கிவிட்டார்கள். அனுவும்தான். என்னிடம் கேட்கவில்லை. அவளுக்குப் பந்து போடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அப்பாவிடம் பழகியிருக்கிறாள். அவரைப் போலவே தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடி வருகிறாள். முதல் நாள் என்னால் பார்க்க முடியவில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுத்த நாள் கொஞ்சம் பார்த்தேன். நேற்று அவள் ஒரு பெரிய பையனை அவுட் ஆக்கியபோது என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். கீழே இருந்து ஹமீட் நானா நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் சிரித்தோம்.

உன் கேட்டைப் பற்றி ஒரு முறைப்பாடு. பெரிய பூட்டு ஒன்று போட்டு, சாவியைக் காவல்காரர் கையில் கொடுத்திருந்தார்கள். அவர் பின்னேரம் வீட்டுக்குப் போனால் சாவியும் போய்விடும். பிறகு எதற்கு அகல வாசல்? நானும் ஹமீட் நானாவும் போய், மைதானத்துக்குப் பொறுப்பான அதிகாரி மாத்தயாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அரை மணித்தியாலம் கதைத்தோம். இப்போது ஒரு சாவி ஹமீட் நானாவின் தேத்தண்ணீர்க் கடையில், ஒரு சாவி எங்கள் வீட்டில். அடுத்த மைதானத்துக்குப் பிளான் போடும்போது இதையும் யோசி.

பெயர் விஷயம். எல்லாருடைய அன்பும் எனக்கு விளங்குகிறது. ஆனால் வேண்டாம், அபி. பெயர்ப் பலகை வைத்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் யார் இந்த ஜெயகுமார், என்ன நடந்தது என்று கேட்பான். யாராவது அவர் விழுந்த கதையைச் சொல்லுவார்கள். அனு விளையாடும்போது அதைக் கேட்டுக்கொண்டு விளையாட வேண்டாம். தொடர்மாடிக் கிரவுண்ட் என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், அதுவே இருக்கட்டும்.

ஆவணியில் அவருடைய திவசம். போன இரண்டு தரமும் நானும் அனுவும் மட்டும் ஐயரை வைத்துச் செய்துகொண்டோம். இலை போட்டு வைத்துவிட்டு, நீங்கள் வருவீர்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது என் பிழைதான். இந்தத் தரம் கூப்பிடுகிறேன். மாமியைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே வா. வாகனம் கேட்டுக்குள்ளால் படி அடிவரைக்கும் வந்து நிற்கும். அதற்கு மேலே கதிரையில் வைத்துத் தூக்கி வர ஸ்ரீனிவாஸும் ஹமீட் நானாவும் நிற்பார்கள். கேட்டுவிட்டேன். மாமிக்கு வெட்கமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அண்ணி