போப்பாண்டவரின் பத்து நாள்

மே 6, 1617
என் கணவர் அம்புரோஸ், தூதரின் பரிவாரத்தோடு பாரிஸ் போய் இருபது நாளாகிறது. ஒரு வரி இல்லை. கொழுந்தன் ரால்ஃப் தினமும் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறான். இன்று கேட்டான்: "அண்ணி, வடக்கு நிலத்துப் பத்திரமெல்லாம் பத்திரமா இருக்கா?" இவனுக்கு எதற்கு அந்தக் கவலை? எங்கே வைத்திருக்கிறேன் என்று வேவு பார்க்கிறானா?

மே 11
கடிதம் வந்தது. டோவர் துறைமுகத்திலிருந்து ரால்ஃபே வாங்கி வந்தான். அப்பா எனக்கு எழுதிவைத்த, வெஸ்ட்மர்லாந்திலுள்ள அந்த வடக்கு நிலத்தை விற்கக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அரசவையில் பதவி வாங்கவாம். கடைசி வரி: 'ஆண் பிள்ளை பெறாதவளுக்கு நிலம் எதற்கு?'

எழுத்து அவருடையதுதான். ஆனால் அந்த வரி? அந்த நிலம் உர்சுலாவுக்குத்தான் என்று மகளின் தலையில் கைவைத்துச் சொன்னவர் இப்படி எழுதுவாரா? மாட்டார்.

அதே நாள், மாலை
கண்டுபிடித்துவிட்டேன். கடிதத்தில் தேதி மே 14. இன்று 11. இனிமேல் எழுதப்போகிற கடிதம் எப்படி வந்து சேரும்? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ரால்ஃபின் புளுகு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

மே 12
சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும் கடிதத்தை அவன் தட்டில் போட்டேன். "அண்ணன் மாதிரி எழுதத் தெரிஞ்ச உனக்குத் தேதி போடத் தெரியலையே தம்பி."

படித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், பக்கத்திலிருந்த உர்சுலாவைப் பார்த்தான். "தப்புதான் அண்ணி. மன்னிச்சிடுங்க." குதிரையேறிப் போய்விட்டான்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டாரேம்மா," என்றாள் பணிப்பெண் டோர்கஸ். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மே 15
அவ்வளவு சீக்கிரம் ஏன் ஒப்புக்கொண்டான்?

மே 19
பாரிஸிலிருந்து லேஸ் விற்பவர் வந்தார். எப்போது கிளம்பினீர்கள் என்றேன்.

"அங்க இருபத்திநாலாம் தேதி கிளம்பினேம்மா. டோவர்ல இறங்கினா பதினெட்டு. ஆறு நாள் இளைஞனாயிட்டேன்." சிரித்தார். "அங்க போப்பாண்டவர் மாத்திப் போட்ட நாட்காட்டிக் கணக்கு. நம்ம கணக்குக்குப் பத்து நாள் முந்தி ஓடுது. நம்ம பிரபுக்களும் அங்க போனா அப்படித்தான் எழுதுறாங்க."

பதினாலில் பத்து போனால் நான்கு. மே 4. அவர்தான் — அவரேதான் எழுதியிருக்கிறார். ஏழு நாளில் வந்து சேர்ந்திருக்கிறது. தேவையே இல்லாமல் மூன்று முழம் லேஸ் வாங்கினேன்.

மே 20
பாரிஸுக்கு எழுதிவிட்டேன்: கையெழுத்துப் போட மாட்டேன். தேதியை நம் கணக்கிலேயே போட்டேன்.

பிறகு ரால்ஃப் வீட்டுக்குப் போனேன். "உனக்கு அந்தத் தேதிக் கணக்கு தெரியும்தானே? ஏன் தம்பி சொல்லல?"

"சொல்லியிருந்தா, அந்தக் கடைசி வரிய எழுதினது அண்ணன்னு ஆயிடுமே அண்ணி. குழந்தை வேற உக்காந்திருந்தா."

எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது. கிளம்பும்போது மறுபடியும் கேட்டான், பத்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று.

எங்கே இருக்கிறதென்று சொன்னேன்.