சண்முகத்தைச் சொல்லாமல் விட்டேன்

ஆடி 8, புதன்
மழை இல்லை. முந்திரித் தோப்புக்குப் போகவில்லை. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. யாருக்கும் காட்டப் போவதும் இல்லை.

தஞ்சாவூர் போய் வந்தோம். மகள் வயிற்றுப் பேத்தி செல்வி, பதிமூன்று வயது. மூன்று மாதமாகக் கை நடுக்கம், காரணமில்லாத அழுகை, நோட்டில் கோழி கிளறின எழுத்து. தலை ஸ்கேன், தலையில் ஒயர் ஒட்டி ஒரு டெஸ்ட், ரத்தம். எல்லாம் நார்மல். டாக்டரம்மா கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?" மகள் என் தொடையைக் கிள்ளினாள். மூத்த பேத்தி கவிதாவுக்கு ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்கிறார்கள். இல்லை என்றேன். மனசுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஆடி 10, வெள்ளி
தூறல். தூக்கமில்லை.
சண்முகம் என் மகன். பதினாலு வயதில் போனான். வாய் ஒழுகினதைத் துடைத்த துண்டு, பச்சைக் கரை. செய்வினை என்றார்கள், வேப்பிலை அடித்தோம். செத்த பிறகு பாம்பு கடித்தது என்று ஊருக்குச் சொன்னோம். அவன் தங்கச்சியை, இந்த மகளை, யாராவது கட்ட வேண்டுமே. அப்படியும் பயம். அவளை என் மச்சினனுக்கே, தாய்மாமனுக்கே கொடுத்தோம். வெளியே கொடுத்தால் விசாரிப்பார்கள்.

ஆடி 27
செல்விக்கு எச்சில் ஒழுகுகிறது. பேச்சு குழறல். அவனுக்கு வந்த மாதிரியே.
நாளை டாக்டரிடம் சொல்லிவிடுவேன் என்றேன். மகள் சாணியைக் கரைத்தபடி, "அப்ப கவிதாவ நீங்களே வச்சுக் காப்பாத்துங்கப்பா."

ஆடி 28
செல்வியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே தஞ்சாவூர். சொன்னேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். கண் டாக்டரிடம் அனுப்பினார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையமாம். உடம்பில் செம்பு தேங்குகிற நோயாக இருக்கலாம், சொந்தத்தில் கட்டினால் அதிகம் வருமாம். ஒரு நாள் மூத்திரம் முழுக்கப் பிடித்துக் கொடுக்கணும். "அன்னைக்கே சொல்லியிருந்தா இதத்தான் மொதல்ல பாத்திருப்பேன் பெரியவரே." திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கூடப்பிறந்தவளுக்கும் பார்க்கணுமாம்.

ஆவணி 11
வெயில். ரிசல்ட். செல்விக்கு அதுதான். ஆயுசுக்கும் மாத்திரை. போன பேச்சு எவ்வளவு திரும்பும், தெரியாது.
கவிதாவுக்கும் இருக்கிறது. இன்னும் வெளியே வரவில்லை. விடாமல் மாத்திரை தின்றால் வராது. மாப்பிள்ளை வீட்டுக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள். பூ வைக்க வரவில்லை.

சாயங்காலம் செல்வி என்னிடம் ஏதோ கேட்டாள். மூன்று தடவை. எனக்கு விளங்கவில்லை. கவிதா சொன்னாள்:
"சண்முகம் மாமாவுக்கு என்ன மாத்திரை குடுத்தீங்கன்னு கேக்குறா தாத்தா."